வெளிற்றுப் பலகையே, வாழி

பலகையே, வெளிற்றுப் பலகையே, உன்னைப் பாடாமல் யாரைப் பாடுவது? டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே பிளேனோ, ஃபிரிஸ்கோ என்று புதுமனைகள் எழும் ஊர்களில், பால் காய்ச்சும் நாளன்று கொல்லைப்புறத்தின் மூன்று பக்கமும் ஆறடி உயரத்தில் நிமிர்ந்து நிற்பவன் நீதான். பொன் கலந்த வெண்மை. இன்னும் ஈரம் உலராத மரத்தின் மணம். ஒரு கீறல் கிடையாது, ஒரு கறை கிடையாது. வீட்டைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் சமையலறைக் கிரானைட்டைத் தொட்ட கையோடு உன்னையும் தடவிப் பார்த்து, "அடேயப்பா, வேலியும் போட்டே கொடுத்துவிட்டார்களா!" என்கிறார்கள். முதல் நாள் அழகில் உன்னை வெல்ல எந்த மரத்தாலும் ஆகாது.

வைரம் பாய்ந்த சிடார்ப் பலகையை உன் பக்கத்தில் சாத்தி வைத்தால் தெரியும். அதில் ஓரிடம் தேன் நிறம், ஓரிடம் காவி, ஓரிடம் கறுஞ்சிவப்பு. நிறம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று மரக்கடை அடுக்கில் தேடுகிற கை உன்னிடம்தான் வந்து நிற்கிறது. வெளுப்பே அழகு என்று எண்ணும் நம் வழக்கம் மரக்கடை வரைக்கும் வந்து உனக்கு வாழ்வு கொடுத்திருக்கிறது. தேக்கில் வெள்ளை ஓடியிருந்தால் கழித்துவிடு என்று ஊரில் ஆசாரி சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள்கூட, கடல் கடந்து வந்ததும் சிடாரில் வெள்ளை ஓடியிருப்பதைக் கவனிப்பதில்லை. அவர்கள் கண்ணையும் கட்டிப்போட்ட அழகு உன்னுடையது.

அழகைவிடப் பெரியது உன் ஈகை.

மரத்தைக் குறுக்கே அறுத்தால் பட்டையை ஒட்டித் தெரியும் வெளிர் வளையம் நீ. மரம் உயிரோடு நின்ற காலத்தில் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் சுமந்தாய். மாவுச்சத்தையும் சர்க்கரையையும் சேமித்து வைத்தாய். ஆண்டுகள் போகப் போக உள்வளையங்களின் உயிரணுக்கள் இறக்கின்றன. அப்போது மரம் அவற்றில் பிசினையும் நஞ்சையும் நிரப்பி மூடுகிறது. அதுதான் வைரம். மேற்கத்திய சிவப்புச் சிடாரின் வைரத்தில் இருக்கும் அந்த நஞ்சுக்குத் துஜாப்ளிசின் என்று பெயர். பூஞ்சைக்கு அது ஆகவே ஆகாது. உன்னிடம் அந்த நஞ்சு இல்லை. சேமித்த சர்க்கரையும் மாவும் மட்டும் வெட்டும் நாள்வரை உன்னிடம் இருந்தன. குலப்பெருமை பேசாதவன் நீ. தேக்கின் வெளிறாக இருந்தாலும் சிடாரின் வெளிறாக இருந்தாலும் உனக்கு ஒரே குணம்: மழையும் மண்ணும் படுமிடத்தில் நிலைப்பதில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் 1910 முதல் இயங்கும் அமெரிக்க வனப்பொருள் ஆய்வுக்கூடம், எந்த மரத்தின் வெளிறும் அழுகலைத் தாங்காது என்று உன்னைப் பற்றித் தன் மரக் கையேட்டில் சொல்லி வைத்திருக்கிறது.

அதனால் உன் வாசலில் இல்லையென்ற சொல்லே கிடையாது. உன்னுள் ஈரம் முப்பது சதவீதத்தை எட்டிவிட்டால் போதும், பந்தி தொடங்கிவிடுகிறது. பழுப்பு அழுகல் பூஞ்சை வந்து உன் நார்ச்சத்தைத் தின்று, சதுரம் சதுரமாக வெடித்த பழுப்புத் தூளை மட்டும் விட்டுவைக்கும். நிலத்தடிக் கறையான் இருட்டில் வந்து, ஓசைப்படாமல் உண்டு, நன்றி சொல்லாமல் வீட்டுச் சுவர்ப் பக்கம் நகரும். மரம் துளைக்கும் கருவண்டுக்குப் பசியில்லை, குடியிருக்க இடம் வேண்டும். அதுவும் உன்னிடம் கிடைக்கும். வேலியின் அடியில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறதே, அத்தனை இளகிய மனம் வேறு யாருக்கு வரும்?

உன் உடன்பிறந்த வைரத்துக்கோ கொடுக்கும் கை இல்லை. கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஹைடா குவாய் தீவுகளில், ஸ்காங் குவாய் என்ற இடத்தில், ஹைடா மக்கள் சிவப்புச் சிடாரில் செதுக்கி நட்ட கம்பங்கள் நிற்கின்றன. மழை ஓயாத காடு அது. அந்த ஊர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆளற்றுப் போனது. அதற்குப் பிறகும் நூறாண்டுகளுக்கு மேல் பல கம்பங்கள் நிற்கின்றன. 1981இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நூறாண்டு மழையில் நனைந்தும் பூஞ்சைக்கு வயிறாரப் போடாத கருமி அந்த வைரம். அதனோடு ஒரே மரத்தில் பிறந்து, ஒரே வேரில் தண்ணீர் குடித்து வளர்ந்தும் நீ இப்படி வள்ளலாக வந்தது வியப்புத்தான்.

ஆராய்ச்சிக்காரர்களுக்கும் நீ செய்த உதவி பெரிது. மிசிசிப்பி மாநிலத்தின் ஹாரிசன் சோதனைக் காட்டில், மருந்து ஏற்றிய குச்சிகளையும் ஏற்றாத குச்சிகளையும் மண்ணில் நட்டுப் பல பத்தாண்டுகளாகக் கணக்கெடுக்கிறார்கள். மருந்தேற்றிய குச்சிகளில் பல, நட்டவர் ஓய்வு பெற்ற பிறகும் நிற்கின்றன. மருந்தில்லாத பைன் வெளிறாகிய நீ அவர்களைக் காக்க வைப்பதே இல்லை. சில ஆண்டுகளிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறாய். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, அருகில் கட்டாயம் அழுகிப்போகும் ஒன்று வேண்டும். அந்த இடத்துக்கு நம்பி நிறுத்தப்படும் பெருமை உன்னுடையது.

உண்மையிலேயே உனக்கு ஒரு நற்குணம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அமெரிக்காவின் தென் மாநிலங்களின் மஞ்சள் பைனில் நீ அகலமாக இருக்கிறாய். உன் நுண்குழாய்கள் திறந்தே இருக்கின்றன. அழுத்தத்தில் மருந்தைச் செலுத்தினால் உள்ளே வரை குடித்துவிடுவாய். வைரம் அப்படிக் குடிக்காது. டக்ளஸ் ஃபர் போன்ற மரங்களின் மேல் கத்தியால் வரிசையாகக் கீறல் போட்டுத்தான் கொஞ்சமாவது இறக்க முடிகிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொந்தி காமேசன் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார். உலகெங்கும் வேலிக் கம்பமும் மின்கம்பமும் அதைக் குடித்தே நின்றன. அமெரிக்காவில் சில பத்தாண்டுகள் கொல்லைப்புறத்துப் பச்சை மரம் என்றால் அதுவாகவே இருந்தது. ஆர்சனிக் பற்றிய அச்சத்தால் 2003ஆம் ஆண்டின் முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அதை ஏற்றுவதைத் தொழிற்சாலைகள் நிறுத்திக்கொண்டன. இன்று செம்பை முதன்மையாகக் கொண்ட வேறு மருந்துகள் வந்திருக்கின்றன. நம் நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து கிளம்பிய மருந்தால், அழுகப் பிறந்த நீ பத்தாண்டு பத்தாண்டாக நின்றாய். அது காமேசனின் புகழ். குடித்தவன் என்ற முறையில் உனக்கும் அதில் பங்குண்டு.

குடித்தது எவ்வளவு என்று மட்டும் நீ யாரிடமும் சொல்வதில்லை. அந்த அடக்கமும் பாராட்டத்தக்கதே. மருந்தேற்றிய மரத்தின் முனையில் விரல் அகலத்தில் ஒரு சீட்டு அடித்திருக்கும். யூசி 3பி என்றால் தரைக்கு மேலே மட்டும். யூசி 4ஏ என்றால் மண்ணில் நடலாம். இரண்டும் ஒரே பச்சை, ஒரே நீளம், ஒரே அடுக்கில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். தரைக்கு மேலே இருக்கத்தக்க அளவே குடித்துவிட்டு, கேட்பாரில்லாமல் குழிக்குள் இறங்கும் உன் துணிவைக் கண்டு நான் நடுங்கியிருக்கிறேன். வேறு சில நாளில் காவிச் சாயம் பூசிக்கொண்டு சிடார் நிறத்தில் வந்து நிற்கிறாய். பைனாகப் பிறந்து சிடாராகப் பெயர் எடுக்கும் திறமையை என்னென்பது! ஜப்பானிய சிடார், இன்சென்ஸ் சிடார், சிவப்புச் சிடார் எல்லாம் வெவ்வேறு மரங்கள், வெவ்வேறு ஆயுள். விலைச்சீட்டில் சிடார் என்ற ஒற்றைச் சொல் போதும், அத்தனை பேரையும் ஒரே குடும்பமாக்கிவிடுகிறாய்.

உன் மெலிவையும் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு ஆறு என்ற பெயரில் முக்கால் அங்குலப் பருமனும் ஐந்தரை அங்குல அகலமும் கொண்ட பலகை ஒன்று இருந்தது. நீ அதை அங்குலத்தில் எட்டில் ஐந்து பாகமாகக் குறைத்தாய். சில கடைகளில் அரை அங்குலமாகவும் வந்துவிட்டாய். பலகையின் விறைப்பு அதன் பருமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. எட்டில் ஐந்தைவிட முக்கால் அங்குலம் எழுபது சதவீதத்துக்கும் மேல் விறைப்பு. அரை அங்குலத்தைவிட மூன்று மடங்குக்கு மேல். நீ இப்படி மெலிந்ததால் லாரியில் இன்னும் நிறையப் பேர் ஏற முடிகிறது. வெயில் ஒரு பக்கமும் ஈரம் மறுபக்கமும் படும்போது நீ நெஞ்சை முன்னே வளைத்து ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வருகிற அழகைத் தெற்குப் பார்த்த வேலிகளில் யாரும் காணலாம்.

அண்டை அயலாரோடு நட்பு வளர்ப்பதில் உனக்கு இணை இல்லை. மறைப்பு வேலி என்று உன்னை வாங்குகிறார்கள். இடுக்கில்லாமல் நெருக்கி நெருக்கி அடிக்கிறார்கள். மருந்தில் ஊறிய ஈரத்தோடு வந்திருக்கிறாய் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு கோடை போதும். உலர்ந்து சுருங்கி, பலகைக்குப் பலகை கால் அங்குலம் விலகிவிடுகிறாய். ஐந்தரை அங்குலப் பைன் பலகை வளையக்கோட்டை ஒட்டி அறுக்கப்பட்டிருந்தால், நனைந்த நிலையிலிருந்து காய்ந்த நிலைக்கு வர அவ்வளவு சுருங்குவது இயற்கை. வேலிக்கு இப்பால் துணி காயப்போடும் அம்மாவும் அப்பால் புல் வெட்டும் பெரியவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைக்கத் தொடங்குகிறார்கள். தளர்ந்த கணு ஒன்று உதிர்ந்து விழுந்தால் நாய்க்குட்டியும் எட்டிப் பார்க்கும். அந்த இடைவெளி கூடாது என்று நினைப்பவர்கள் பலகை மேல் பலகையாக ஓரம் ஏற்றி அடிக்கிறார்கள். அப்படி அடித்தால் சுருங்கினாலும் இடுக்குத் தெரியாது. உன் நட்புக்கு அவர்கள் போடும் தடை அது.

பணிவில்தான் நீ எல்லோரையும் மிஞ்சுகிறாய். கம்பமாக நிற்கும்போது உன் முழுக் குணமும் வெளிப்படும். எட்டடி அகலம், ஆறடி உயரம் என்றால் நாற்பத்தெட்டு சதுர அடி. வசந்தகாலத்து வடக்கு டெக்சஸ் புயற்காற்று அத்தனையையும் மூன்றரை அங்குலக் கம்பம் ஒன்றின் காலடியில் கொண்டுவந்து இறக்குகிறது. அந்தக் காலடியில்தான் மழை ஈரமும் காற்றும் ஒன்றாகச் சேர்கின்றன. ஆழத்தில் காற்றுக் குறைவு, மேலே ஈரம் குறைவு. மண்ணும் வானமும் தொடுகிற இரண்டு மூன்று அங்குலத்தில் பூஞ்சைக்கு இரண்டும் கிடைக்கும். சுற்றிலும் கான்கிரீட் ஊற்றி, அதன் மேற்பகுதியைக் குழிவாக விட்டுவிட்டால் ஒவ்வொரு மழையும் அங்கே தேங்கும். அறுத்த முனை கீழே இருந்தால் அந்தத் தண்ணீரை நீ அடியிலிருந்தே உறிஞ்சுவாய். டாலஸின் கரிசல் மண் வேறு, மழையில் ஊதி வெயிலில் வெடிக்கும். இதையெல்லாம் தாங்கும் பிடிவாதம் உனக்கு இல்லை. தலை குனிகிறாய். முதலில் ஒரு விரற்கடை, பிறகு ஒரு சாண், பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் ரோஜாச் செடி மேல் சாஷ்டாங்கம்.

ஆணிகூட உன்னால் அழுகிறது. சாதாரண இரும்பாணி சிடாரின் துவர்ப்புச் சத்தோடு கலந்து கறுங்கோடாக வழியும்; செம்பு மருந்து ஏறிய பைனில் அது அரித்தே போகும். துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணியோ துருப்பிடிக்காத எஃகாணியோ வாங்கினால் இந்தக் கண்ணீர் இராது.

உன்னால் பிழைப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் உன் பெருமை முழுதும் விளங்கும். விழுந்த வேலியைப் பிடுங்குகிறவர், குழி தோண்டுகிறவர், லாரி ஓட்டுகிறவர், மறுபடி உன்னையே விற்கிறவர். நிலைத்து நிற்கிற வேலி இவர்களில் யாருக்கும் இரண்டாம் முறை சோறு போடாது. நீ போடுகிறாய். ஒவ்வொரு முறை நீ விழும்போதும் இன்னொரு மரம் காட்டில் விழுகிறது. பழைய பலகையையும் நீ வீணாக்குவதில்லை. மருந்தேறியதாதலால் எரிக்கக்கூடாது, புகை நஞ்சு, ஆகவே ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் நிலையான இடம் பிடித்துக்கொள்கிறாய். ஒரு மரம் முப்பது நாற்பது ஆண்டு வெயிலையும் மழையையும் சேர்த்து வைத்து வளர்ந்ததை, ஒரு வீட்டுக் குழந்தை பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் மண்ணாக்கித் தருகிற வேகம் உன்னுடையது. எனக்கு இதில்தான் நெஞ்சு பொறுக்கவில்லை. வெட்டிய மரத்துக்கு நாம் செய்யக்கூடிய ஒரே மரியாதை, அது வளர எடுத்துக்கொண்ட காலமாவது அதை நிற்க வைப்பது.

வாசகரே, இவனைப் பார்க்க வேண்டுமானால் கடைக்குப் போனதும் பலகையின் முகத்தைப் பார்க்காதீர்கள். முனையைப் பாருங்கள். அங்கேதான் வளையங்கள் தெரியும். சிவப்பு எவ்வளவு, வெளிர் எவ்வளவு என்று முனை ஒளிக்காமல் சொல்லும். வளையங்கள் நெருக்கமாகவும் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாகவும் இருந்தால் வளையாது. கணு இருக்கலாம், ஆடக்கூடாது. கையில் தூக்கும்போது ஈரக் கனம் தெரிந்தால் அதை இன்றே நெருக்கி அடிக்கக் கூடாது. கம்பத்துக்கு யூசி 4ஏ சீட்டைப் படித்துவிட்டு எடுங்கள். வீட்டில் அறுத்த முனையை மேலே வைத்து, ஆலையிலிருந்து வந்த முனையை மண்ணுக்குள் விடுங்கள். அடியில் சரளைக்கல், மேலே வெளிப்புறம் சரிந்த கான்கிரீட். டெக்சஸில் பலர் கம்பத்தை இரும்புக் குழாயாகவே நட்டு, பலகையை மட்டும் சிடாராக மாட்டுகிறார்கள்; கரிசல் மண்ணுக்கு அது நல்ல முடிவு. பலகையின் அடி முனை தரையைத் தொடாமல் இரண்டு அங்குலம் தூக்கியிருக்கட்டும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் 2014 முதல் நடப்பிலுள்ள சட்டத்தையும் நினைவில் வையுங்கள்: இருவருக்கும் பொதுவான எல்லை வேலியின் நியாயமான செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்வதே அங்கு பொது விதி. அண்டை வீட்டாரோடு சேர்ந்து போனால் வைரப் பலகையின் விலை பாதிதான்.

உனக்குக் கடைசியாக ஒன்று சொல்கிறேன், வெளிற்றுப் பலகையே. உன்னை வெட்டியெறிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மழை படாத அறையில் அலமாரியாக, கூரைக்கடியில் சட்டமாக, மருந்து முழுதும் குடித்தபின் கம்பமாகக்கூட உனக்கு இடம் உண்டு. மருந்தில்லாமல், மெலிந்து, வெறும் வெளுப்பை மட்டும் நம்பி வேலியில் நிற்க உனக்கு உரிமை இல்லை.